மூடுபல்லக்கு: ஐதர் அலியின் மறைவுச் செய்தியும் கொங்கு நாடும் (1782–1784)

ஆய்வுச் சுருக்கம்

மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலி 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகில் தம் போர்முகாமில் இறந்தார். மூத்த மகன் திப்பு அப்போது மேற்குக் கடற்கரையில் இருந்தமையால், அவர் வந்து சேரும்வரை இறப்பு மறைக்கப்பட்டது. அம்மறைப்பு எவ்வாறு இயங்கியது, கசிந்த செய்தியை எவரெவர் எவ்வாறு கையாண்டனர், இடையில் கிடந்த கொங்கு நாட்டுக்கு அதனால் நேர்ந்தது என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இறப்பை மறைத்தோர் வதந்தியை ஒழித்தாரல்லர். அதனை நம்பி முதலில் அடியெடுத்து வைக்க எவரும் துணியாத நிலையையே உருவாக்கினர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பிற்காலத் தமிழக நிகழ்வுகள் சில ஒப்பீட்டுக்காக இறுதியில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஐதர் அலி, வதந்தி, அம்பல், அலர், கொங்கு நாடு, தாராபுரம், பூர்ணையா, வாரிசுரிமை

அம்பலும் அலரும்

ஊர்ப்பேச்சைத் தமிழ் அகமரபு அம்பல், அலர் என இரண்டாகப் பகுத்துள்ளது. இறையனார் களவியலுரை அம்பலை முகிழ்நிலையிலும் அலரை மலர்ந்த நிலையிலும் வைத்து விளக்கும். அம்பல் நிலையில் எல்லாரிடத்தும் ஐயம் உண்டு. எனினும் இன்னாருக்கு இன்னது நேர்ந்தது என்று வாய்விட்டு உரைப்பார் இல்லை. அலர் நிலையில் செய்தி பொதுவாகிவிடுகிறது. ஒருவருக்குத் தெரியும் என்பதோடு, அவருக்குத் தெரியும் என்பது மற்றவர்க்கும் தெரிந்துவிடும் நிலை அது. களவொழுக்கம் பற்றிய பேச்சுக்கென அமைந்த இப்பாகுபாடு ஆட்சியாளரின் இறப்பைப் பற்றிய பேச்சுக்கும் பொருந்துகிறது. இரண்டிலும் மறைக்க முயலும் ஓர் அகம் உண்டு. உற்றுநோக்கும் ஒரு புறமும் உண்டு.

வதந்தி என்ற சொல்லைப் பொய்ச்செய்தி என்னும் பொருளிலேயே ஆளும் வழக்கம் இன்று வலுத்துவிட்டது. அச்சொல்லுக்கு அடிப்படையான வடசொல் பேசப்படுவது என்ற அளவிலேயே நிற்கிறது. மெய்யா பொய்யா என்பது அதற்குள் இல்லை. 1782 டிசம்பரில் ஐதரின் முகாமிலிருந்து வெளியேறிய இரு செய்திகளில், அவர் நலிவுற்றிருக்கிறார் என்ற அலுவல்முறைச் செய்தி பொய். அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தி மெய். வரலாற்றாய்வில் இவ்விரண்டையும் அவற்றின் தோற்றுவாயைக் கொண்டு தரம் பிரிக்க இயலாது.

அதிகாரமும் உடலும்

ஐதரின் இறப்பு ஏன் மறைக்கப்பட வேண்டியதாயிற்று? சட்டப்படி மைசூரின் அரசர் அவர் அல்லர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடையார் மரபினர் ஒருவர் பெயரளவில் அரியணையில் இருந்தார். படைத்தலைவராக உயர்ந்து 1761 அளவில் ஆட்சியைக் கைப்பற்றிய ஐதரின் அதிகாரம் மரபாலோ முடிசூட்டாலோ வந்ததன்று. படையினர் மீதும் வரவினங்கள் மீதும் அவருக்கிருந்த நேரடிப் பிடியால் வந்தது. அத்தகைய அதிகாரத்தில் உடல் வீழும் நாள் ஆட்சியே வீழக்கூடிய நாளாகும். உடையார் அரண்மனைத் தரப்பு இதனை முன்னரே உணர்ந்திருந்தது. அரசி இலட்சுமம்மண்ணியின் சார்பில் திருமல ராவ் என்பவர் தஞ்சாவூரிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி சல்லிவனுடன் 1782 அக்டோபர் இறுதியில் உடன்படிக்கை ஒன்றையே செய்துகொண்டிருந்தார். ஐதர் உயிரோடிருந்தபோதே அவருக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு ஒரு விடை எழுத்தில் இருந்தது என்பது கருதத்தக்கது.

அவ்வாண்டு நவம்பரில் ஐதரின் முதுகில் எழுந்த இராஜபிளவை முற்றியது. இந்து, முஸ்லிம், பிரெஞ்சு மருத்துவர்கள் பார்த்தும் பயனில்லை. சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டை முகாமில் டிசம்பர் 7 அன்று அவர் இறந்தார். அப்போது திப்பு பாலக்காட்டுக்கு அப்பால் பொன்னானியில் ஆங்கிலப் படையை எதிர்த்து நின்றார். சித்தூருக்கும் பொன்னானிக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தாலே நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. அத்தொலைவைச் செய்தி கடந்து செல்லவும், வாரிசு கடந்து வரவும் ஆகும் காலம் முழுவதும் ஐதர் உயிரோடிருந்தாக வேண்டும்.

முகாமில் நிகழ்ந்தது

இப்பொறுப்பை ஏற்றவர்கள் பூர்ணையா, கிருஷ்ண ராவ் ஆகிய இரு அமைச்சர்கள். அவர்கள் செய்ததை மார்க் வில்க்ஸ் தம் தென்னிந்திய வரலாற்று நூலில் விரிவாக எழுதியுள்ளார். நறுமணப் பொடி நிரப்பிய பெரிய பெட்டியில் உடல் வைக்கப்பட்டது. விலைமதிப்புள்ள கருவூலப் பொருள் செல்வதுபோல் காவலுடன் அது முதல் இரவே கோலாருக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஐதரின் தந்தை பத்தே முகமதுவின் கல்லறைக்கருகில் அவ்வுடல் தங்கிற்று. பின்னரே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மாற்றப்பட்டது.

உடலை அகற்றியது எளிய பகுதி. உடல் இருந்த இடத்தை நிரப்புவதே அரிய பகுதி. ஐதரின் கூடாரத்தைச் சுற்றிய துணித்திரை அவ்வாறே நின்றது. மருத்துவர்கள் வழக்கம்போல் உள்ளே சென்று வந்தனர். காண வந்தோருக்கு, நலிவு மிகுதியால் இன்று காட்சி இல்லை என்று மறுமொழி கூறப்பட்டது. படை இடம்பெயர்ந்தபோது, திரையிட்ட பல்லக்கு ஒன்று வழக்கமான பரிவாரத்துடன் அத்துணித்திரைக்குள்ளிருந்து புறப்பட்டது. உள்ளே எவருமில்லாத அப்பல்லக்கு எழுந்த விதத்திலும் நடந்த விதத்திலும் எந்த மாற்றமும் தெரியவில்லை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஐதர் எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் பெயரின் முதலெழுத்தைத் தலைகீழாக இடுவதே அவரது கையொப்பம் என்பது அவரைப் பற்றி எழுதிய பலரும் குறித்துள்ள செய்தி. அவரது ஆணைகள் தொடக்கத்திலிருந்தே செயலர்களின் கையால் எழுதப்பட்டவை, முத்திரையால் உறுதிபெற்றவை. தம் கைப்பட எழுதும் பழக்கமுடைய ஓர் அரசரின் இறப்பை வாரக்கணக்கில் மறைப்பது கடினம். ஐதரின் வகையில் செயலகம் ஏற்கெனவே அவரது கையாக இருந்தது. அக்கை அவருக்குப் பின்னும் சில வாரம் இயங்கியதில் புறத்தார் வேறுபாடு காண வழியில்லை. பூர்ணையாவின் கூர்மதியைப் போற்றும் நூல்கள் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இரகசியம் முழுமையாகக் காக்கப்பட்டதா என்றால், இல்லை. ஐதரின் உறவினரும் குதிரைப்படைத் தலைவர்களுள் ஒருவருமான முகமது அமீன், சம்சுதீன் என்ற அதிகாரியுடன் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தார். அமைச்சர்களை அகற்றிவிட்டு, ஐதரின் இரண்டாம் மகன் அப்துல் கரீமை முன்னிறுத்துவது அத்திட்டம். அறிவாற்றல் குறைந்தவராகக் கருதப்பட்ட இளவரசரின் பெயரில் தாமே ஆளலாம் என்பது கணக்கு. பிரெஞ்சு அதிகாரி ஒருவரும் இதற்கு உடந்தை. திட்டம் வெளிப்பட்டதும் சதியாளர்கள் பிடிக்கப்பட்டு விலங்கிடப்பட்டு அனுப்பப்பட்டனர். அது ஐதரின் ஆணைப்படி நடந்ததாகவே முகாமில் அறிவிக்கப்பட்டது.

இறந்தவரின் ஆணையால், அவர் இறந்ததை அறிந்தவர்கள் சிறைப்பட்டனர். இந்நிகழ்ச்சியே இக்கட்டுரையின் கருதுகோளுக்கு முதன்மைச் சான்று. பிடிபட்ட முகமது அமீனுக்கு மெய் தெரியும். அவரைப் பிடித்த வீரர்களுள் பலருக்கும் ஐயம் இருந்திருக்க வேண்டும். எனினும் ஐதர் இறந்துவிட்டார் என்று உரக்கச் சொல்லி அவ்வாணையை மறுக்கும் முதல் மனிதனாக எவனும் நிற்கவில்லை. சொன்னது மெய்யாயின் பக்கத்தில் நிற்போர் தன்னோடு வருவார்களா என்பது தெரியாது. பொய்யாயின் தலை போகும். அம்பல் அலராகாமல் நின்றது இந்த அச்சத்தால்தான். எல்லாரும் ஏமாந்தமையால் அன்று.

சான்றின் சார்பு

வில்க்ஸின் நூல் 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவர் மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாகப் பணியாற்றிய காலத்தில் அங்கே திவானாக இருந்தவர் பூர்ணையாவே. 1799க்குப் பின் கம்பெனியின் நம்பிக்கைக்குரியவராக விளங்கிய பூர்ணையா, 1782இன் மறைப்பை நடத்திய இருவருள் ஒருவர். ஆகவே மறைத்த கதையை நமக்குச் சொல்பவர் மறைத்தவரின் தரப்பினரே எனக் கொள்வது தவறாகாது. முகாமின் ஒழுங்கும் இரகசியத்தின் இறுக்கமும் அந்நூலில் சற்றே மெருகேற்றப்பட்டிருக்கக்கூடும். மற்றோர் அமைச்சரான கிருஷ்ண ராவின் பங்கு எவ்வளவு என்பதை எடைபோட அந்நூலை மட்டும் நம்புதல் சரியன்று. பின்னர்த் திப்புவின் ஆட்சியில் துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டு உயிரிழந்த அவர், தம் கதையைச் சொல்ல எஞ்சியிருக்கவில்லை. ஐதர், திப்பு இருவரிடமும் பணிபுரிந்த கிர்மானியின் பாரசீக வரலாறும் உடல் பெட்டியில் வைத்து அனுப்பப்பட்டதை ஒப்புகிறது. எனினும் அவர் நோக்கு அரச குடும்பத்தைச் சார்ந்தது. அமைச்சர்களின் திறமை அவருக்கு முதற்பொருள் அன்று.

பொன்னானியிலிருந்து கொங்கு வழியே

ஒட்டகத் தூதர் டிசம்பர் 11ஆம் நாள் பிற்பகலில் திப்புவின் முகாமை அடைந்தார். நவம்பர் இறுதியில் பொன்னானியில் ஆங்கிலப் படைமீது நடத்திய தாக்குதல் முறியடிக்கப்பட்டதால், பெரும் பீரங்கிகளின் வருகைக்காகத் திப்பு அங்கே காத்திருந்தார். டிசம்பர் 12 அன்று காலை, கர்னல் மெக்லியோடின் படையினர் எதிரில் பார்த்தபோது, நாள்தோறும் தங்களைக் கண்காணித்து நின்ற மைசூர்க் குதிரை வீரர்களைக் காணவில்லை. முழுப்படையும் விரைந்து கிழக்கே செல்வதாகத் தகவல்கள் அடுத்தடுத்து வந்தன. காரணம் அவர்களுக்கு விளங்கவில்லை. எவரும் எதுவும் சொல்லாமலே ஒரு செய்தி அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

திப்பு பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூர் வந்தார். மலபாரின் பொறுப்பை அர்ஷத் பேக் கானிடம் ஒப்படைத்துவிட்டுத் தந்தையின் படையை நோக்கி விரைந்தார். கொங்கு நாடு இந்நிகழ்வில் வெறும் வழியாக மட்டும் இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மைசூரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இந்நிலம், மைசூரின் இரு போர்முனைகளுக்கும் நடுவில் கிடந்தது. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் தாராபுரம், அன்று அமராவதி ஆற்றங்கரையில் மைசூரின் முக்கியக் கோட்டைகளுள் ஒன்று. 1768இல் கர்னல் உட் அதனைப் பிடித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் ஐதர் மீட்டார். ஒரே கோட்டையில் ஓராண்டுக்குள் இருமுறை கொடி மாறியதைக் கண்ட தலைமுறை 1782இல் உயிரோடிருந்தது. அத்தகைய நிலத்தில், எதிர்பாராத மாதத்தில் இளவரசரின் படை மேற்கிலிருந்து கிழக்கே பெருநடை நடப்பது எளிய காட்சி அன்று.

கொங்கு நாட்டு நாட்டார் வழக்காறு ஒன்றை இங்கே நினைவுகூரலாம். காங்கேயம் பகுதியில் மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை மறித்துப் பறித்த இளைஞன், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று கூறியதாகத் தீரன் சின்னமலை பற்றிய கதை வழங்குகிறது. இதனை நிகழ்ந்தவாறே நிகழ்ந்தது எனக் கொள்ளச் சான்று போதாது. ஆனால் கருவூலப் பெட்டி காவலுடன் சாலையில் செல்வது அன்றைய மக்களுக்கு எவ்வளவு பழகிய காட்சி என்பதை அக்கதை உறுதிப்படுத்துகிறது. ஐதரின் உடல் ஏன் கருவூலப் பெட்டியின் கோலத்தில் சென்றது என்பதற்கும் இதுவே விளக்கம். வரிப்பணம் எத்திசையிலிருந்தும் தலைநகர் நோக்கிச் செல்லும்; அதைக் கண்டு வியப்பாரும் இல்லை, உள்ளே என்ன என்று கேட்பாரும் இல்லை.

1783 ஜனவரித் தொடக்கத்தில் திப்பு தந்தையின் படையோடு சேர்ந்தார். மாலைப்பொழுதில் வந்து, அரியணையில் அமர மறுத்து, வெறுங்கம்பளத்தில் அமர்ந்து தலைவர்களைச் சந்தித்தார் என்பது வில்க்ஸ் தரும் செய்தி. ஏறத்தாழ நான்கு வாரம் நீடித்த அம்பல் அன்றுதான் அலராயிற்று. அப்போது அறிவிப்பதற்குரிய வாரிசும் அறிவிப்பைக் காக்கும் படையும் ஒரே இடத்தில் இருந்தன. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையும் மூன்று கோடி ரூபாய் மதிப்புள்ள கருவூலமும் குழப்பமின்றிக் கைமாறின என அதே நூல் கணக்கிடுகிறது.

நம்ப மறுத்த தளபதி

சென்னையில் நிகழ்ந்தது வேறு. ஐதர் இறந்த செய்தி சில நாட்களிலேயே ஆளுநர் மெக்கார்ட்னிக்கு எட்டியது. வாரிசு தொலைவில், தலைமையற்ற படை அருகில். உடனே புறப்பட வேண்டும் என்று அவர் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை வற்புறுத்தினார். ஐதர் இறந்ததாகத் தாம் நம்பவில்லை. இறந்திருப்பினும் உரிய காலத்தில் படை ஆயத்தமாக இருக்கும் என்பது தளபதியின் விடையாக இருந்தது. படை நகர்ந்தபோது திப்பு தம் இடத்தில் அமர்ந்துவிட்டார்.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் பலர் இதனை ஸ்டூவர்ட்டின் பிடிவாதமாகவே எழுதிச் சென்றனர். 1776இல் ஆளுநர் பிகட்டைச் சிறைப்படுத்தியதில் பங்குகொண்டவர் அவர். மெக்கார்ட்னியோடும் ஒத்துப்போகாமல் 1783இல் தாமே பதவி நீக்கப்பட்டுச் சிறைப்பட்டார். ஆளுநர் சொல்வதை மறுக்க அவருக்குக் காரணம் வேண்டியிருந்ததில்லை என்பது மெய்யே. ஆயினும் நிலைமையின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. 1780இல் ஐதரின் படையெடுப்பால் கர்நாடகப் பகுதி பாழாகியிருந்தது. 1782 அக்டோபர் நடுவில் வீசிய புயலில் சென்னைத் துறையில் நின்ற அரிசிக் கப்பல்கள் அழிந்தன. நகரத் தெருக்களில் பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். பொதிமாடுகளும் உணவும் இன்றி எந்தப் படையும் நகராது.

இக்காரணங்களையெல்லாம் எடுத்துரைத்து, இயலாது என்று ஸ்டூவர்ட் கூறியிருக்கலாம். அவ்வாறன்றி, நம்பவில்லை என்று அவர் கூறியதுதான் கவனிக்கத்தக்கது. உறுதிப்படாத செய்தி அவருக்கு ஒரு புகலிடமாயிற்று. மூடுபல்லக்கு முகமது அமீனிடம் செய்த வேலையையே அவரிடமும் செய்தது. மறைத்தோர் ஐதர் உயிரோடிருப்பதாக எவரையும் நம்பவைக்கத் தேவையில்லை. செயல்பட விரும்பாதவர்க்கு ஐயம் என்ற சாக்கு கிடைத்தாலே போதும்.

விலை கொடுத்த நிலம்

வாரிசுரிமைப் போர் ஏதும் மைசூரில் நிகழவில்லை. உடையார் தரப்பின் முயற்சி 1783 ஜூலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சதியாக வெளிப்பட்டு ஒடுக்கப்பட்டது. வாய்ப்பை நழுவவிட்ட கம்பெனி, திப்புவின் கவனத்தை மேற்குக் கடற்கரையிலிருந்து திருப்பத் தெற்கில் ஒரு போர்முனையைத் திறந்தது. அப்போர்முனை கொங்கு நாடு. 1783 ஏப்ரலில் கர்னல் லாங் கரூரைப் பிடித்தார். அரவக்குறிச்சியும் திண்டுக்கல்லும் அடுத்து வீழ்ந்தன. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கர்னல் ஃபுல்லர்டன் ஜூன் மாதத்தில் தாராபுரத்தையும், நவம்பரில் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றினார். பதினோரு மாதங்களுக்கு முன் திப்பு கிழக்கே விரைந்த வழியின் இரு முனைகளும் அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தன.

1784 மார்ச்சில் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையின்படி இவ்வூர்கள் அனைத்தும் மைசூருக்கே திரும்பின. 1790இல் தாராபுரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று; அவ்வாண்டு அக்டோபரிலேயே திப்பு மீட்டார். ஒவ்வொரு முறையும் வரி கேட்டவர் மாறினார்; வரி கொடுத்தவர் மாறவில்லை. சென்ற ஆட்சிக்குச் செலுத்திய தவணையை வந்த ஆட்சி ஒப்புக்கொள்ளுமா என்பதே ஒரு குடியானவனுக்கு ஆட்சி மாற்றத்தின் முதற்பொருள். படைத்தலைவர்களின் கடிதங்களில் மாட்டுக்கணக்கும் தானியக்கணக்குமாக மட்டும் தென்படும் இம்மக்களுக்கு, ஐதர் எப்போது இறந்தார் என்பது ஆர்வத்துக்குரிய செய்தி அன்று. அடுத்த விதைப்புக்கு வித்து வைக்கலாமா, ஒளித்துவைக்க வேண்டுமா என்ற முடிவு அதில் தொங்கிற்று.

உடலைக் காட்டுதல்

கம்பெனி இதிலிருந்து கற்றதோ, முன்பே அறிந்திருந்ததோ, தன் எதிரிகளின் வகையில் நேர்மாறான முறையையே கையாண்டது. 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானின் உடல் துண்டுகளாக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, பிற பாளையக்காரர்கள் அங்கே கூட்டிவைக்கப்பட்டனர். தண்டனையின் கொடுமையை மட்டும் இவற்றில் காண்பது குறைநோக்கு. இறப்பில் ஐயத்துக்கு இடமின்றிச் செய்வதே நோக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்தவாறு, காணும் இறப்பு நேரே அலராகவே பிறக்கிறது.

1799 மே 4 அன்று மாலை ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்புவின் உடலை ஆங்கிலேய அதிகாரிகள் இரவில் தீவட்டி வெளிச்சத்தில் தேடினர். கோட்டை வாயிலொன்றில் குவிந்துகிடந்த உடல்களுக்கிடையே அது கிடைத்தது. மறுநாள் படைமரியாதையுடன் தந்தையின் கல்லறைக்கருகிலேயே அடக்கம் நடந்தது. தந்தையின் உடலை ஒளித்து ஓர் ஆட்சி காப்பாற்றப்பட்டது. மகனின் உடலைக் காட்டி அவ்வாட்சி முடித்துவைக்கப்பட்டது. கொங்கு நாடு அவ்வாண்டே கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது.

வதந்தி ஆள்பவரின் கருவியாக மட்டுமே இருந்ததில்லை. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது, ஊமைத்துரை காயங்களுடன் களத்தில் கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாயும் உடனிருந்த பெண்களும் அவரை எடுத்துச் சென்றனர். எட்டையபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவரை வெண்துணியால் மூடி, வைசூரியால் இறந்த பிணம் என்று ஒப்பாரி வைத்தனர். அப்போரில் பங்குகொண்ட ஆங்கிலேய அதிகாரி வெல்ஷ் இதனைத் தம் நினைவுக்குறிப்பில் பதிந்துள்ளார். வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. திரைக்குப் பின் உயிர் இருப்பதாகப் பூர்ணையா காட்டினார். துணிக்குக் கீழ் உயிர் இல்லையென அப்பெண்கள் காட்டினர். ஊமைத்துரை சிறுவயலில் மருது சகோதரர்களோடு சேர்ந்து மேலும் பல மாதம் போரிட்டார்.

அண்மைக் காலம்

மக்களாட்சியில் வாரிசுரிமைச் சிக்கலுக்குச் சட்டம் விடை வைத்திருக்கிறது. எனினும் அதிகாரம் ஒரே ஆளுமையில் குவிந்த கட்சிகளில் பழைய சிக்கல் வேறுருவில் திரும்புகிறது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பின் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது எழுந்த வதந்திகளுக்கு, அங்கே எடுக்கப்பட்ட ஒளிப்படங்களும் படக்காட்சியும் தேர்தல் களத்தில் விடையாகக் காட்டப்பட்டன. திரை இங்கே மறைக்கவன்று, காட்டப் பயன்பட்டது.

2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, காய்ச்சலும் நீரிழப்பும் எனக் காரணம் கூறப்பட்டது. அடுத்த எழுபத்தைந்து நாட்களில் அவரது படம் எதுவும் மக்களுக்குக் காட்டப்படவில்லை. அரவக்குறிச்சி உள்ளிட்ட மூன்று தொகுதிகளின் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் படிவங்களில் அவரது கையொப்பத்துக்கு மாறாக இடக்கைப் பெருவிரல் ரேகை இருந்தது. அவற்றுள் திருப்பரங்குன்றம் தேர்தலை, இந்த ரேகைச் சிக்கலைக் காட்டி, 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. இதற்கிடையே 2016 அக்டோபரில் வதந்தி பரப்பியதாகக் காவல்துறை பல வழக்குகளைப் பதிந்தது. கோவை மாவட்டத்தில் வங்கி ஒன்றில் பேசிக்கொண்டதன் பேரில் ஊழியர் இருவர் கைதாயினர் என்று நாளிதழ்கள் எழுதின. முகமது அமீன் ஆட்சியைப் பிடிக்க முயன்றார். இவர்கள் பேசியதற்கு மேல் ஏதும் செய்தாரல்லர்.

திருப்பூர் வட்டாரத்தில் இத்தகைய செய்தியின் பொருள் கடையடைப்பு. பின்னலாடைத் தொழிலில் நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், கட்டிங்கும் தையலும் வேறிடம் எனத் துணி ஊர்சுற்றியே பனியனாகிறது. வண்டி நின்றால் எல்லாம் நிற்கும். வாரக்கூலித் தொழிலாளிக்குச் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். அதற்கு மேலாக ஒரு நினைவும் உண்டு. 2000 பிப்ரவரியில், ஜெயலலிதாவுக்கு எதிரான தீர்ப்பை ஒட்டித் தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டபோது உயிரிழந்த மூன்று மாணவியரும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். செய்தி மெய்யா என்று விசாரிப்பதற்கு முன்பே கதவை இறக்குவது இவ்வட்டாரத்தில் பீதி அன்று, அனுபவம்.

2016 டிசம்பர் 5 மாலை சில தொலைக்காட்சிகள் இறப்பை அறிவித்தன. மருத்துவமனை மறுத்தது; அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. அன்றிரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக நள்ளிரவுக்குப் பின் அறிக்கை வந்தது. 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஆறுமுகசாமி ஆணையத்துக்கு உதவிய எய்ம்ஸ் மருத்துவக் குழு, அளிக்கப்பட்ட சிகிச்சை முறையானதே எனக் கருத்துரைத்தது. ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. டிசம்பர் 4 பிற்பகல் 3.00 மணிக்கும் 3.50க்கும் இடையே இறப்பு நிகழ்ந்ததென அவ்வறிக்கை கூறுகிறது. நினைவுநாள் டிசம்பர் 5ஆம் நாளிலேயே கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.